உருளைக்கிழங்கு ஃப்ரிகோ: முதல் தடவையே முறுகலாக வர

இத்தாலியின் வடகிழக்கு மூலையில், ஆஸ்திரியாவையும் ஸ்லொவேனியாவையும் ஒட்டி ஃப்ரியூலி என்றொரு பகுதி இருக்கிறது. அங்குள்ள ஊதினே நகரத்துக்குக் குடிவந்த முதல் குளிர்காலத்தில்தான் ஃப்ரிகோவை முதன்முதலில் சாப்பிட்டேன். பார்க்க நம் அடை மாதிரி, ஆனால் இரண்டு விரல் தடிமன். வெளியே பொன்னிறமாக முறுகிய தோல். கத்தி பட்டதும் மொறுக்கென்று உடைந்தது. உள்ளே உருளைக்கிழங்கும் சீஸும் ஒன்றோடு ஒன்று குழைந்து, துண்டை எடுக்கும்போது நூலாக இழுத்தது. அதில் முட்டையும் இல்லை, மாவும் இல்லை. கிழங்கு, சீஸ், கொஞ்சம் வெங்காயம், அவ்வளவுதான்.

மூன்றே பொருள்தானே என்று அடுத்த வாரமே வீட்டில் இறங்கினேன். நான்கு தடவை கெட்டது. முதல் தடவை கூழாகவே நின்றுவிட்டது. இரண்டாவது தடவை அடியோடு ஒட்டிக்கொண்டது. மூன்றாவது, திருப்பும்போது மூன்றாக உடைந்தது. நான்காவது எண்ணெயில் மிதந்தது. கடைசியில் மேல்மாடியில் இருந்த வயதான சிஞ்ஞோரா (இத்தாலியில் பெண்களை மரியாதையாக அழைக்கும் சொல்) என் அடுப்புப் பக்கத்திலேயே நின்று பார்த்து, எங்கெங்கே தப்பு என்று காட்டிக்கொடுத்தார். கீழே இருக்கும் அளவும் நேரமும் அதற்கப்புறம் நான் பல தடவை செய்து சரிபார்த்தவை. உங்கள் சீஸும் நேரமும் வீணாகக் கூடாது என்பதற்காக ஒன்று விடாமல் எழுதுகிறேன்.

தொடங்குமுன் ஒரு எச்சரிக்கை. ஃப்ரிகோ என்ற ஒரே பெயரில் இரண்டு பண்டங்கள் இருக்கின்றன. ஒன்று வெறும் சீஸை மெல்லியதாகப் பரப்பி அப்பளம் போலப் பொரிப்பது. அதற்கு ‘ஃப்ரிகோ க்ரோக்காந்தே’ என்று பெயர். இன்னொன்று நாம் செய்யப்போகும் கிழங்கு ஃப்ரிகோ, ‘ஃப்ரிகோ கோன் பதாதே’. செய்முறை தேடும்போது பலர் முதலாவதன் சீஸ் அளவை எடுத்துக்கொண்டு இரண்டாவதைச் செய்யப் போய் மாட்டிக்கொள்கிறார்கள். கிழங்கு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மேலே படியுங்கள்.

1. சரியான சீஸை வாங்குங்கள்

இந்தப் பண்டத்தின் பாதி வேலை கடையிலேயே முடிந்துவிடுகிறது. ஃப்ரியூலியில் இதற்கென்று இருக்கும் சீஸ் மொன்டாசியோ. பசும்பாலில் செய்வது. அந்தப் பக்கத்து ஆல்ப்ஸ் மலை ஒன்றின் பெயரைத்தான் இதற்கு வைத்திருக்கிறார்கள். சக்கரம் போன்ற வட்ட வடிவில் செய்வார்கள்; முழுச் சக்கரம் 6 முதல் 8 கிலோ இருக்கும். கடையில் அதிலிருந்து வெட்டித் தருவார்கள்.

மொன்டாசியோவை வயது சொல்லித்தான் வாங்க வேண்டும். 60 நாள் முதல் 120 நாள் வரை பழுத்தது ‘ஃப்ரெஸ்கோ’. 5 முதல் 10 மாதம் ஆனது ‘மெத்சானோ’. 10 மாதத்துக்கு மேல் ‘ஸ்டாஜியோனாத்தோ’. 18 மாதத்தையும் தாண்டியது ‘ஸ்ட்ராவெக்கியோ’.

ஃப்ரெஸ்கோ நன்றாக உருகும், நூல் விடும், ஆனால் சுவை சாது. வயது ஏற ஏறச் சுவை கூடும், முறுகலும் நன்றாக வரும். ஆனால் இளகி ஓடாது, சூட்டில் நெய் தனியே பிரிந்துவிடும். அதனால் ஒரே வகையை மட்டும் போட்டால் ஒரு பக்கம் குறையும். என் நான்காவது ஃப்ரிகோ எண்ணெயில் மிதந்ததற்குக் காரணம் இதுதான். விலை கூடியது நல்லதாகத்தான் இருக்கும் என்று முழுக்க ஸ்டாஜியோனாத்தோ வாங்கியிருந்தேன். பாதி ஃப்ரெஸ்கோ, பாதி மெத்சானோ என்று வாங்குங்கள். சிஞ்ஞோராவின் கணக்கும் இதுதான்.

கடையில் கேட்கும் முறையையும் தெரிந்துகொள்ளுங்கள். சூப்பர் மார்க்கெட் என்றால் சீஸ் வெட்டும் கவுன்டரில் நம்பர் சீட்டு எடுத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். இத்தாலியில் நூறு கிராமுக்கு ‘எத்தோ’ என்று பெயர். நூற்றைம்பது வேண்டும் என்றால் ‘ஊன் எத்தோ எ மெத்சோ’. இருநூறு என்றால் ‘தூவே எத்தி’. கிராமில் சொன்னாலும் புரிந்துகொள்வார்கள், ஆனால் எத்தோ என்று சொன்னால் சட்டென்று வெட்டித் தருவார்கள். ‘பெர் ஃப்ரிகோ’, அதாவது ஃப்ரிகோவுக்கு என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லுங்கள். அந்த ஊரில் கவுன்டரில் நிற்பவருக்கே இதைப் பற்றி ஒரு கருத்து இருக்கும். எந்தத் துண்டு உருகும் என்று அவரே எடுத்துக் காட்டுவார்.

சின்னக் கடைகளும் பால்பண்ணைக் கடைகளும் மதியம் சாத்தியிருக்கும். பன்னிரண்டரைக்கு மேல் போனால் மூடிய கதவைத்தான் பார்ப்பீர்கள். மூன்றரை, நான்குக்குத்தான் திறப்பார்கள். காலையிலேயே போய்விடுங்கள்.

தவிர்க்க வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். தண்ணீரில் மிதக்க விட்டு விற்கும் மொசரெல்லா வேண்டாம். அதன் எடையில் பாதிக்கு மேல் தண்ணீர். கிழங்கு அதில் அவிந்து கூழாகிவிடும். என் முதல் ஃப்ரிகோ போன வழி அது. துருவித் தயாராக விற்கும் பாக்கெட் சீஸ் பலவற்றில் ஒட்டாமலிருக்க ஸ்டார்ச் தூவியிருப்பார்கள். அவசரத்துக்குப் பரவாயில்லை, ஆனால் முழுத் துண்டாக வாங்கி நீங்களே வெட்டுவதுதான் நல்லது.

2. லேபிளைப் படியுங்கள்

மொன்டாசியோ பெயர்ப் பாதுகாப்புப் பெற்ற சீஸ். சிவப்பும் மஞ்சளுமான வட்ட டி.ஓ.பி. முத்திரை பாக்கெட்டில் இருக்கும். சக்கரத்தின் பக்கவாட்டுத் தோலில் ‘மொன்டாசியோ’ என்ற சொல் சாய்வாகத் திரும்பத் திரும்பப் பதிந்திருக்கும். செய்த தேதியும் அதிலேயே இருக்கும். வெட்டிய துண்டில் தோல் கொஞ்சம் ஒட்டியிருந்தால் இதைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம். அதே கவுன்டரில் ‘லத்தேரியா’ என்ற பெயரில் விலை குறைந்த சீஸ் இருக்கும். அது போலி அல்ல. அந்தப் பகுதிப் பால்பண்ணைகளின் நல்ல சீஸ்தான். மொன்டாசியோவுக்கு நெருங்கிய உறவு என்றே சொல்லலாம். ஃப்ரிகோவுக்கு நன்றாகவே பொருந்தும். மொன்டாசியோ விலை கொடுத்து அதை வாங்கிவிடாமல் இருந்தால் போதும்.

சைவம் சாப்பிடுபவர்கள் இந்தப் பத்தியைக் கட்டாயம் படிக்க வேண்டும். பாலை உறைய வைக்க ரென்னெட் சேர்க்கிறார்கள். லேபிளில் அதன் பெயர் ‘கால்யோ’. இத்தாலியின் பாரம்பரியச் சீஸ் பலவற்றில் அது கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கப்படுவது. வெறும் ‘கால்யோ’ என்று போட்டிருந்தால் அது விலங்கிலிருந்து வந்தது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ‘கால்யோ வெஜெதாலே’ அல்லது ‘கால்யோ மிக்ரோபிக்கோ’ என்று இருந்தால் உங்களுக்கு ஆகும். சில சீஸ்களில் ‘லிசோசீமா’ என்றொரு பெயரும் இருக்கும். அது முட்டை வெள்ளையிலிருந்து எடுப்பது. எங்கள் வீட்டுக்கு ஊரிலிருந்து வந்த சைவ விருந்தாளிகளுக்காக இந்த நான்கு சொற்களை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி பர்ஸிலேயே வைத்திருந்தேன். நீங்களும் அப்படிச் செய்யலாம்.

3. கிழங்கு

மாவுப் பதமான, கொஞ்சம் பழைய கிழங்கு வேண்டும். இத்தாலியில் பையின் மேலேயே எதற்கு உகந்தது என்று போட்டிருப்பார்கள். ‘ஞோக்கி’, ‘பூரே’ என்று இருப்பதை எடுங்கள். ‘நொவெல்லே’ என்பது புதுக்கிழங்கு. அதில் நீர் அதிகம், ஸ்டார்ச் குறைவு. சீஸைப் பிடித்து நிறுத்தாது.

கிழங்கை ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள். குளிரில் அதன் ஸ்டார்ச் கொஞ்சம் சர்க்கரையாக மாறிவிடும். அப்புறம் அடுப்பில் போட்டதும் முறுகுவதற்கு முன்பே கருத்துக் கசக்கும். பச்சை படர்ந்ததையும் முளை விட்டதையும் ஒதுக்கிவிடுங்கள்.

4. பாத்திரம்

24 சென்டிமீட்டர் அகலமுள்ள, அடி தடித்த நான்ஸ்டிக் ஃப்ரை பேன். கீறல் இல்லாததாக இருக்கட்டும். ஒரே இடத்தில் கீறல் இருந்தாலும் சீஸ் அங்கேயே பிடித்துக்கொண்டு மொத்த வட்டத்தையும் கிழித்துவிடும். நன்றாகப் பழகிய இரும்பு வாணலி இருந்தால் அதைவிடச் சிறப்பு. முறுகல் இன்னும் அழுத்தமாக வரும். எவர்சில்வர் வேண்டவே வேண்டாம். என் இரண்டாவது ஃப்ரிகோவை அதிலிருந்து சுரண்டித்தான் எடுத்தேன்.

கூடவே பேனைவிட அகலமான, தட்டையான தட்டு ஒன்றும், மரக்கரண்டியும், மெல்லிய தோசைத் திருப்பியும் எடுத்து வையுங்கள். தட்டு பேனின் விளிம்பைத் தாண்டி எல்லாப் பக்கமும் இரண்டு சென்டிமீட்டராவது நீண்டிருக்க வேண்டும். அடுப்பைப் பற்றவைத்த பிறகு தேடாமல், முன்பே பேனின் மேல் கவிழ்த்து அளவு பார்த்துவிடுங்கள்.

5. அளவும் செலவும்

மூன்று அல்லது நான்கு பேருக்கு:

மொன்டாசியோ ஃப்ரெஸ்கோ 175 கிராம், மெத்சானோ 175 கிராம். தோலைச் சீவிய பிறகு இரண்டும் சேர்ந்து 300 கிராமுக்குக் கொஞ்சம் மேலே நிற்கும். உருளைக்கிழங்கு 450 கிராம். தோல் போக 400. சின்ன வெங்காயத்தாள் எல்லாம் வேண்டாம், சாதாரண வெங்காயம் சிறியதாக ஒன்று. வெண்ணெய் ஒரு மேசைக்கரண்டி. மிளகுத்தூள். கால் டம்ளருக்கும் குறைவாகத் தண்ணீர்.

உப்பு பட்டியலில் இல்லை என்பதைக் கவனியுங்கள். சீஸில் ஏற்கெனவே இருக்கிறது. நம் கை பழக்கத்தில் கிழங்கு வதக்கும்போதே உப்பை அள்ளிப் போட்டுவிடும். அப்படிப் போட்டால் கடைசியில் வாயில் வைக்க முடியாது. எல்லாம் கலந்தபின் ஒரு துளி ருசி பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் மட்டும்.

நான் வாங்கும் கடையில் ஃப்ரெஸ்கோ கிலோ 11 யூரோ, மெத்சானோ 14 யூரோ, கிழங்கு ஒன்றரை யூரோ. அந்தக் கணக்கில் ஒரு முழு ஃப்ரிகோவுக்கு ஐந்தரை யூரோ ஆகிறது. அதில் நான்கரை சீஸுக்கே போய்விடுகிறது. சீஸ் அளவு வீட்டுக்கு வீடு மாறும். கிழங்கும் சீஸும் சம எடை போடுபவர்களும் உண்டு. ஆனால் முதல் தடவை செய்பவர்கள் சீஸைக் கூட்டாதீர்கள். சீஸ் கூடக் கூட நெய் கூடும், திருப்புவதும் கடினமாகும். கை பழகியபின் கூட்டிக்கொள்ளலாம்.

6. நேரத்தைத் திட்டமிடுங்கள்

வெட்டித் துருவ 10 நிமிடம். வெங்காயமும் கிழங்கும் வேக 25. சீஸ் உருக 5. முதல் பக்கம் 10, மறுபக்கம் 8, ஆற 5. மொத்தம் ஒரு மணி நேரத்தைத் தாண்டும். ஆறிய ஃப்ரிகோ தன் முறுகலை இழந்துவிடும் என்பதால், எல்லாரும் மேசைக்கு வரும் நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். சீஸை மட்டும் அரை மணி நேரம் முன்னதாக ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து வெளியே வையுங்கள். சில்லென்ற சீஸைச் சூடான கிழங்கில் போட்டால் கட்டி கட்டியாக நிற்கும்.

7. கிழங்கை வேகவைத்து, நீரை வற்றவிடுங்கள்

கிழங்கைத் தோல் சீவி, பெரிய கண் உள்ள துருவியில் துருவுங்கள். துருவியதைக் கழுவாதீர்கள். நாம் வறுவலுக்குக் கழுவிக் கழுவிப் பழகியவர்கள். இங்கே அந்த வெள்ளை ஸ்டார்ச்தான் சீஸையும் கிழங்கையும் சேர்த்துக் கட்டும் பசை. முன்னதாகத் துருவி வைத்தால் கறுத்துவிடும், அதனால் வெங்காயம் அடுப்பில் இருக்கும்போது துருவினால் போதும்.

வெண்ணெயை உருக்கி, பொடியாக நறுக்கிய வெங்காயத்தைச் சிறு தீயில் ஆறேழு நிமிடம் வதக்குங்கள். கண்ணாடிபோல ஆகட்டும், சிவக்க வேண்டாம். இப்போது சிவந்தால் பின்னால் கருகும்.

கிழங்கைச் சேர்த்து மிளகுத்தூள் தூவி, நான்கு மேசைக்கரண்டி தண்ணீர் விட்டு மூடுங்கள். பன்னிரண்டு நிமிடம். இடையில் இரண்டு மூன்று தடவை திறந்து அடியைக் கிளறிவிடுங்கள். கரண்டியால் அழுத்தினால் நசுங்க வேண்டும். கொஞ்சம் மசிந்து, கொஞ்சம் துருவலாகவே இருப்பதுதான் பதம்.

அப்புறம் மூடியை எடுத்துவிட்டு ஐந்து நிமிடமோ ஏழு நிமிடமோ கிளறிக்கொண்டே நீரை வற்ற விடுங்கள். இதைத்தான் நான் தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன். கிழங்கு வெந்துவிட்டதே என்று உடனே சீஸைக் கொட்டுவேன். உள்ளே தங்கிய நீர் ஆவியாக வந்து முறுகலைக் கடைசிவரை நனைத்துக்கொண்டே இருக்கும். சிஞ்ஞோரா என் கையிலிருந்த சீஸ் தட்டை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, மரக்கரண்டியால் பேனின் நடுவே ஒரு கோடு இழுத்தார். இரண்டு பக்கமிருந்தும் நீர் கசிந்து கோடு மெல்ல மூடிக்கொண்டது. ‘அஸ்பேத்தா’ என்றார். பொறு என்று அர்த்தம். மூன்று நிமிடம் கழித்து மறுபடி இழுத்தார். இந்தத் தடவை பேனின் கறுப்பு அடி அப்படியே தெரிந்து நின்றது. சீஸ் தட்டை அப்போதுதான் திருப்பிக் கொடுத்தார். நீங்களும் இந்தக் கோட்டை இழுத்துப் பாருங்கள். அது மூடாமல் நிற்கும்வரை சீஸைத் தொட வேண்டாம்.

8. சீஸைச் சேருங்கள்

ஃப்ரெஸ்கோவை ஒரு சென்டிமீட்டர் சதுரங்களாக வெட்டியும், மெத்சானோவைத் துருவியும் வைத்திருங்கள். தீயை நன்றாகக் குறைத்துவிட்டு மூன்று கைப்பிடியாகப் பிரித்துச் சேருங்கள். ஒரு பிடி உருகியபின் அடுத்தது. தீ அதிகமானால் சீஸ் இறுகி, நெய் தனியே ஓடிவிடும். அப்படிப் பிரிந்தால் திரும்பச் சேராது.

நான்கைந்து நிமிடத்தில் எல்லாம் ஒரே உருண்டையாகத் திரளும். அல்வா சட்டியை விட்டுச் சுருண்டு வருமே, அதே பதம். பேனின் ஓரம் சுத்தமாகத் தெரியும், கரண்டியைச் சாய்த்தால் மொத்தமும் கூடவே சாயும். இப்போது ருசி பார்த்து, உப்பு வேண்டுமா என்று முடிவு செய்யுங்கள்.

9. முதல் பக்கத்தை முறுக விடுங்கள்

கரண்டியின் பின்பக்கத்தால் அழுத்திச் சமமாகப் பரப்புங்கள். இரண்டு சென்டிமீட்டர் கனம் இருக்கட்டும். ஓரங்களை உள்பக்கமாகத் தள்ளி வட்டமாக்குங்கள்; மெல்லிய ஓரம் முதலில் கருகும்.

தீயை நடுத்தரத்துக்கு ஏற்றுங்கள். என் மின்னடுப்பில் ஒன்பது வரை எண் உண்டு. ஆறில் தொடங்கி மூன்று நிமிடம் கழித்து ஐந்துக்கு இறக்குவேன். மின்னடுப்புக்காரர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள். எண்ணைக் குறைத்ததும் சூடு குறைந்துவிடாது, கொஞ்ச நேரம் அப்படியே நிற்கும்.

இனி பத்து நிமிடம் தொடக்கூடாது. மூடவும் கூடாது, மூடினால் ஆவி அடைத்துக்கொண்டு முறுகல் நமத்துவிடும். வெந்ததா என்று திருப்பியைச் செருகித் தூக்கிப் பார்க்கத் தோன்றும். அப்படித் தூக்கிப் பார்த்துத்தான் என் மூன்றாவது ஃப்ரிகோ உடைந்தது. பாதி முறுகிய தோல் பேனையே பிடித்துக்கொண்டிருக்கும், முழுக்க முறுகியபின் தானாக விட்டுவிடும். தோசை வெந்தால் கல்லை விடுகிற மாதிரிதான்.

தொடாமலே தெரிந்துகொள்ள மூன்று வழி. முதலில் சளசளவென்று ஈரமாகக் கேட்ட சத்தம் மாறி, அப்பளம் பொரிவது போல வறண்ட சத்தமாகும். ஓரத்தைச் சுற்றி நெய் சின்னச் சின்னக் குமிழாகப் பொங்கும், அதற்குள்ளே ஒரு செம்பொன் கோடு தெரியும். கடைசியாக, பேனின் பிடியை மெதுவாக ஆட்டினால் முழு வட்டமும் ஒன்றாக நழுவும். நழுவவில்லை என்றால் இன்னும் இரண்டு நிமிடம்.

10. திருப்புவது

திருப்புவதற்கு முன் நெய்யை வடியுங்கள். இதை விட்டுவிடாதீர்கள், கை சுட்டுவிடும். பேனை அடுப்பிலிருந்து எடுத்து, ஃப்ரிகோவைத் திருப்பியால் தாங்கிக்கொண்டு சாய்த்தால் ஒன்றிரண்டு கரண்டி நெய் இறங்கும். ஒரு சின்னக் கிண்ணத்தில் பிடித்துக்கொள்ளுங்கள். வடிக்காமல் கவிழ்த்தால் அந்தச் சூடான நெய் தட்டின் ஓரமாக வழிந்து மணிக்கட்டில் இறங்கும். எனக்கு இறங்கியது, தழும்பு இன்னும் இருக்கிறது. வடித்த நெய்யைத் தொட்டியில் ஊற்ற வேண்டாம், குழாயில் உறைந்து அடைத்துக்கொள்ளும்.

தட்டைப் பேனின் மேல் கவிழ்த்து, நடுவில் உள்ளங்கையால் அழுத்திப் பிடியுங்கள். கைக்குத் துணி கட்டாயம். சிங்க்குக்கு மேலே நின்றுகொண்டு ஒரே மூச்சில் கவிழ்த்துவிடுங்கள். பாதியில் தயங்கினால் நழுவும். பேனைத் தூக்கினால் தட்டில் பொன்னிறப் பக்கம் மேலாக உட்கார்ந்திருக்கும். அதை அப்படியே பேனுக்குள் சறுக்கிவிட்டு, ஓரங்களை மறுபடி உள்ளே தள்ளி, இன்னும் ஏழெட்டு நிமிடம்.

உடைந்துவிட்டால் கவலைப்படாதீர்கள். சூடாக இருக்கும்போதே துண்டுகளை நெருக்கி வைத்துக் கரண்டியால் அழுத்தினால் சீஸ் உருகி ஒட்டிக்கொள்ளும். அடியில் ஐந்து நிமிடம் முறுகினால் முழுதாகவே எடுக்கலாம்.

11. பரிமாறுவது

அடுப்பை அணைத்துத் தட்டுக்கு மாற்றி ஐந்து நிமிடம் விடுங்கள். சுடச்சுட வெட்டினால் உள்ளே இருக்கும் சீஸ் வெளியே ஓடிவிடும். ஐந்து நிமிடத்தில் அது கொஞ்சம் இறுகி, கேக் போல முக்கோணமாக வெட்ட வரும்.

ஃப்ரியூலியில் இதற்குத் துணை பொலென்டா, அதாவது மக்காச்சோளக் களி. முறைப்படி செய்தால் அதற்கே முக்கால் மணி நேரம் கிளற வேண்டும். ‘இஸ்தாந்தானேயா’ என்று போட்ட பாக்கெட் ஐந்து நிமிடத்திலேயே ஆகிவிடும். முதல் தடவை செய்பவர்கள் பாக்கெட்டையே எடுங்கள், உங்கள் கவனம் முழுக்கப் பேனில் இருக்கட்டும். பக்கத்தில் வினிகர் தெளித்த ராதிக்கியோ கீரை கொஞ்சம் வைத்தால் நெய்ப்பசைக்கு நன்றாக எடுபடும். நான் வீட்டில் எலுமிச்சை ஊறுகாய் வைத்துக்கொள்கிறேன். சிஞ்ஞோராவும் ஒரு துண்டு கேட்டு வாங்கித் தொட்டுக்கொண்டார்.

12. தமிழ்நாட்டில் இருந்து செய்பவர்களுக்கு

மொன்டாசியோ கிடைப்பது அரிது, கிடைத்தாலும் விலை அதிகம். கௌடா 150 கிராம், கொஞ்சம் பழுத்த செடார் 150 கிராம் என்று சேர்த்துக்கொள்ளுங்கள். விடுமுறைக்கு வந்தபோது இந்தக் கலவையில் செய்தேன். சுவை வேறுதான், ஆனால் முறுகலும் இழுவையும் அப்படியே வந்தன. வாங்கும்போது ‘ப்ராசஸ்டு’ என்று இருக்கிறதா என்று பாருங்கள். அந்தக் கட்டிகளிலும் ஸ்லைஸ்களிலும் நெய் பிரியாமல் இருக்கவே உப்புகள் சேர்த்திருப்பார்கள்; நமக்கோ கொஞ்சம் நெய் பிரிந்து வந்தால்தான் அடி பொரியும். அது கூழாக ஒட்டிக்கொண்டு நிற்கும். பனீர் உருகவே உருகாது. பச்சைப் புள்ளியையும் பார்த்துக்கொண்டால் சைவப் பிரச்சினையும் தீர்ந்தது.

கிழங்கில் பழைய ஊட்டிக் கிழங்கு நன்றாக இருக்கும். பழகிய இரும்பு தோசைக்கல் ஓரம் இல்லாததால் நெய் வழியும். ஆப்பச்சட்டியின் குழிவும் சரிவராது. அடி தட்டையான இரும்பு வாணலி இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

13. மீந்தால்

ஆறியபின் மூடி ஃப்ரிட்ஜில் மூன்று நாள் வைக்கலாம். சூடாக்கும்போது மைக்ரோவேவ் வேண்டாம், ரப்பர்போல ஆகிவிடும். எண்ணெய் எதுவும் விடாமல் காய்ந்த பேனில் சிறு தீயில், மூடாமல், பக்கத்துக்கு நான்கு நிமிடம் வையுங்கள். உள்ளிருக்கும் நெய்யே வெளியே வந்து மறுபடி பொரிய வைக்கும். காலையில் இப்படிச் சுட்ட துண்டின் முறுகல் சில நாள் முதல் நாளையதைவிட நன்றாகவே இருக்கிறது. எங்கள் வீட்டில் அதற்காகவே ஒரு துண்டை ஒளித்து வைப்போம்.